இம்பிச்சிக்கோயாவின் மணியறையில் ஒரு இரைச்சல்

கல்லாயி ஆற்றங்கரை மரக்கிடங்கில் ஒரு மரத்தடியைக் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அறுக்காமலே உள்ளே பொந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார் இம்பிச்சிக்கோயா. முப்பத்தைந்து வருசம் அதுதான் வேலை. அவருடைய வாப்பாவுக்கும் அந்தக் காது உண்டு. வாப்பாவின் தம்பி பீரானுக்குக் கிடையாது. பீரான் தட்டிப் பார்த்து நல்ல தேக்கு என்று சொன்ன தடி, வாள் பட்டதும் தேன்கூடு மாதிரி உதிர்ந்ததைக் கல்லாயியில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட காதுக்காரருக்கு, தன் அறையிலேயே கேட்ட ஒரு இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு வருசமாகப் பிடிபடவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அறை என்பது குற்றிச்சிறையில் அவர் மனைவி நபீசபியின் வீட்டில் அவருக்கென்று விட்ட மணியறை. இந்த ஊர்க் கோயாமார் வழக்கப்படி ஆண்தான் பெண்வீட்டுக்குப் போக வேண்டும். நிக்காஹ் முடிந்து முப்பத்தோரு வருசம் ஆயிற்று, தாடி பஞ்சாக வெளுத்தாயிற்று, இருந்தாலும் அந்த வீட்டில் அவர் புதுமாப்பிள்ளைதான். வாசலால் வருவார், நேரே மணியறைக்குப் போவார். நடுமுற்றத்தைத் தாண்டி உள்ளே காலடி வைத்ததில்லை. புதுமாப்பிள்ளை அடுக்களைப் பக்கம் தலைகாட்டினால் அவருக்கு ஏதோ குறை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நபீசபியின் அக்கா கதீசபி இருக்கும்வரை அந்த வீட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. கோயா வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அங்கே எண்ணெய் காயத் தொடங்கிவிடும்.

கிடங்கு வேலையை விட்ட பிறகுதான் பாட்டுப் பித்து முற்றியது. மகள் தோஹாவுக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரில் பழைய கஜல்களையும் கச்சேரிகளையும் நிரப்பினார். முதலில் அதிலிருந்து நேரே ஆம்ப்ளிபயருக்கு ஒரு வயரைச் செருகினார். பாட்டுக்காரி தலையணையில் முகம் புதைத்துப் பாடுவது மாதிரி இருந்தது. பிறகு டாக் என்று ஒரு பெட்டி வந்தது. கம்ப்யூட்டருக்குள் எண்களாகக் கிடக்கும் பாட்டை மறுபடி ஓசையாக மாற்றித் தருகிற வேலை அதற்கு. அதை மாட்டிய அன்று தலையணை விலகியது! கோயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே நாலு சுற்றுச் சுற்றினார்.

அதோடு அடங்கினாரா? ஸ்பீக்கரை மூலையிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்தார். இடம் போதவில்லை என்று, சித்திரவேலை செய்த கல்யாணக் கட்டிலையே குறுக்கே திருப்பிப் போட்டார்.

"கட்டில் கிழக்க பாத்தே கிடந்தது. எங்க உப்பாப்பா காலத்துல போட்ட கட்டில்," என்றாள் நபீசபி.

"இப்ப அது பாட்டப் பாத்துக் கிடக்குது. நீயும் பாத்துப் படு."

சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையைத் தடுக்க இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தார். கிடங்கில் நூறு பலகையைத் தட்டிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி, கம்ப்யூட்டருக்கு அடியில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் பாட்டு ஒரு படி மேலே ஏறியது. ஆனால் அந்த இரைச்சல்? கர்ர்... கர்ர் என்று நடுநடுவே வந்து பாட்டைப் பிறாண்டிவிட்டுப் போகும். வயரை மாற்றினார், டாக்கை மாற்றினார், கம்ப்யூட்டருக்குள் சுழலும் விசிறியைப் பிடுங்கி வேறு வைத்தார். போகவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் இல்லாதபோது நபீசபி போட்டுக் கேட்டால் பாட்டு பளிங்கு மாதிரி இருக்குமாம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே. உங்களக் கண்டாத்தான் அதுக்கு ஆகல போல."

கோயா காது டாக்டரிடம்கூடப் போய் வந்தார். காதில் குற்றமில்லை என்றார் டாக்டர்.

இந்த நேரத்தில்தான் டேப் விவகாரம் வந்தது. வலியங்ஙாடியில் கொப்பரைக் கிடங்கின் மாடியில் இருக்கும் அவர்களுடைய சங்கீத கிளப்பில் நாற்பத்திரண்டு பழைய ஸ்பூல் டேப்புகள் இருந்தன. எல்லாம் கிளப்பின் சொந்தப் பாட்டுக்காரர்கள் பாடியவை. பூஞ்சை பிடிப்பதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நான் ஏற்றுகிறேன் என்று கோயா துடித்தார். சாவி அச்சுதேட்டனிடம் இருந்தது. பாளையத்தில் ஹார்மோனியம் பழுதுபார்க்கிற அச்சுதேட்டனுக்கு இசைத்தட்டைத் தவிர வேறெதன் மேலும் நம்பிக்கை கிடையாது.

"உன் பெட்டி இரையுதுன்னு ஊரே சொல்லுது கோயா. அந்த இரைச்சல் டேப்புப் பாட்டுலயும் ஏறிட்டா? கொச்சிக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சு வா. ஒரு பாட்டு கேளு. ஒரு கீறல் கேட்டாலும் கொச்சிக்கே அனுப்பு, நான் வாயத் தொறக்கல."

சொல்லிவிட்டார், பிறகு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அச்சுதேட்டன் கட்டில் விளிம்பில் கண்ணை மூடி உட்கார்ந்தார். கோயா ஒரு பழைய கஜலைப் போட்டார். பாடகி மெல்ல மூச்செடுத்து முதல் அடியை இழுத்தாள். அச்சுதேட்டனின் புருவம் ஏறியது. இரண்டாம் அடி தொடங்கும்போது, கர்ர், கர்ர், கர்ர். அப்புறம் நீளமாக ஒரு கர்ர்ர்ர்.

"கோயா, உன் கம்ப்யூட்டர் மிளகாய் வறுக்குதா?"

நபீசபி தட்டில் இறைச்சிப் பத்திரி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மறுபடியும் மூன்று குட்டை, ஒரு நீளம். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ச் சம்மந்தித் துவையல் வந்தது. மல்லியும் பச்சைமிளகாயும் அப்போதுதான் அரைபட்ட வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது.

கோயா அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். மூன்று குட்டை, ஒரு நீளம், பிறகு ஒரு கிண்ணம். இரண்டு வருசமாக இதுதானே? அவர் வந்தால் அரைப்பார்கள், அரைத்தால் இரையும், இரைந்தால் தட்டு வரும். அவர் இல்லாத நேரத்தில் யாருக்காக அரைப்பார்கள்?

"அச்சுதேட்டா, அசையாம இரு!" என்று எழுந்தார். நடுமுற்றம் வரை ஓடியவர் அங்கே ஒரு கணம் நின்றார். முப்பத்தோரு வருசம். பிறகு, "யா றப்பே," என்று ஒரே எட்டில் தாண்டி அடுக்களைக்குள் நுழைந்தார்.

உள்ளே கூச்சல் எழுந்தது. ஒருத்தி தோளில் கிடந்த தட்டத்தை முக்காடாகத் தலைக்கு இழுத்தாள், ஒருத்தி கரண்டியைக் கீழே போட்டாள். மிக்சி ஜாரைப் பிடித்தபடி கதீசபி சிலையாக நின்றாள்.

"புதுமாப்பிள்ள அடுக்களையிலயா? நாங்க என்ன குற வச்சோம்?"

"கொறயா? அல்லாஹ்வே! இந்த மிக்சிக்கு எங்கேர்ந்து கரண்டு வருது இத்தாத்தா?"

"உங்க மணியறை ஏசிக்கு மீட்டர்லேர்ந்து தடிச்ச வயர் தனியா இழுத்தாங்கல்ல? அதுலேர்ந்து இங்க ஒரு பிளக் எடுத்தோம். உங்களுக்கு அரைக்கிற மிக்சி, நல்ல லைன்ல ஓடட்டும்னுதான்."

கோயா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டிலேயே சுத்தமான லைன் என்று கம்ப்யூட்டர், டாக், ஆம்ப்ளிபயர் எல்லாவற்றையும் அதே வயரில்தான் மாட்டியிருந்தார். மிக்சி மோட்டாரின் பொறி அத்தனையும் அந்த வழியாகவே பாட்டுக்குள் வந்து ஏறியிருக்கிறது. இனி அரைக்காதீர்கள் என்று சொல்ல முடியுமா? சொன்னால் கதீசபி அன்றைக்கே படுத்துவிடுவாள். கிணற்று மோட்டாருக்கு வேறு லைன் என்பது ஞாபகம் வந்தது. நீளமான வயர் ஒன்றை அங்கே செருகி, தானே மிக்சியை அதில் மாட்டினார்.

"இத்தாத்தா, நான் கூப்பிட்டதும் அரைக்கணும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு!"

"எத அரைக்க?"

"எத வேணாலும்!"

மறுபடி ஓட்டம். பாட்டை முதலிலிருந்து போட்டு, வாசலில் நின்று கத்தினார். "அரைங்க!"

முற்றத்துக்கு அப்பால் அடுக்களையில் மிக்சி அலறியது; மணியறைக்குள் அந்தச் சத்தம் எட்டவில்லை, என்றைக்கும் எட்டியதில்லை. ஸ்பீக்கரில் பாடகி மூச்செடுத்தாள். முதல் அடி. இரண்டாம் அடி. ஒரு கீறல் இல்லை! தபலாவின் தோலில் விரல் வழுக்குவது கேட்டது. பாடகியின் வளையல் குலுங்கியது. பின்னால் எங்கோ ஒருவர் தேநீர்க் கிளாசைத் தரையில் வைத்த சத்தம்கூடத் தெளிவாக விழுந்தது. மெத்தையும் பலகையும் திருப்பிய கட்டிலும் சேர்ந்து செய்த வேலை அத்தனையும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நபீசபி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோயாவின் கண்ணில் நீர் கோத்தது, வாய் காதுவரை போயிற்று.

பாட்டு முடிந்தும் அச்சுதேட்டன் கண்ணைத் திறக்கவில்லை.

"கிளாச வச்சது யாரு?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? கச்சேரி கேக்க வந்தவன் எவனோ."

"ஒரு மரியாத தெரியாதவன்." அச்சுதேட்டன் மடியிலிருந்து கிளப் சாவியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "நாளைக்கு ஆட்டோ பிடிச்சிட்டு வா. நாப்பத்திரண்டையும் தனியாத் தூக்க முடியாது. இப்ப அந்தப் பாட்டத் திருப்பிப் போடு."

முற்றத்து விளிம்பிலிருந்து கதீசபியின் குரல் வந்தது. "புதுமாப்பிள்ளே, இன்னும் அரைக்கணுமா? வீட்ல இருந்த தேங்கா அத்தனையும் முடிஞ்சுபோச்சு!"

கோயாவுக்குக் காதில் விழவில்லை. பாடகி மறுபடி மூச்செடுத்துக்கொண்டிருந்தாள்.