வெளிச்சத்தைப் பிடித்த கை

கம்பத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தபோது தேனியிலிருந்து போன் வந்தது. ஜபருல்லா இறந்துவிட்டார். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவருடைய ஊரான உத்தமபாளையத்தின் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கும்போதே பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். அவர் படத்துக்குப் பின்னால் சீறிப் பாயும் ஏவுகணை; கீழே ‘ஏவுகணை நாயகன்’ என்று கொட்டை எழுத்து. அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். அவர் யார் என்று தெரியாதவர்கள் அந்த பிளக்ஸை நம்பிவிடக் கூடாது.

அவரும் நானும் கல்லூரித் தோழர்கள். நான் வக்கீலானேன். ஏலக்காய் வியாபாரியின் மூத்த மகனான அவர், வடக்கே ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். விமானத்திலிருந்து தரையைத் தாக்கும் ஏவுகணையின் முனையில் கண்போல ஒரு கருவி இருக்குமாம். அதை உருவாக்கும் குழுவில் அவருக்கு வேலை. விடுமுறையில் வந்தபோது ஒருமுறை விளக்கினார்.

“ஒருத்தன் லேசர் வெளிச்சத்த எதுமேல பிடிக்கிறானோ, அதத் தேடித்தான் அது போகும் மாப்ள. போயி அடிக்கிறவரைக்கும் அவன் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்.”

அன்று அவர் குரலில் பெருமிதம் இருந்தது. அதை மறைக்க எனக்கு உரிமையில்லை.

அவருடைய தம்பி அன்சாரி, மேற்காசியாவில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தார். அந்த நாட்டில் போர் மூண்டது. ஒரு காலையில் விமானம் ஏவிய ஏவுகணைகள் கடைவாசலில் விழுந்தன. அன்சாரியும் உடன் வேலை செய்தவர்களும் இறந்தார்கள். மாவு மூட்டை எடுக்கப் போயிருந்த கம்பத்துக்காரர் ஒருவர் மட்டும் பிழைத்து ஊர் வந்தார். “ரெண்டு தடவ விழுந்துச்சுண்ணே, ஒரே எடத்துல” என்றார். அவர் செல்போன் படத்தில், இடிபாட்டுக்குள் ஏவுகணையின் வால் துண்டு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததுமே அது வெளிச்சத்தைத் தேடிப் போகும் வகைதான் என்று ஜபருல்லாவுக்குத் தெரிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க ஓர் அரசு அதிகாரி வந்தார். “ஏவுகணை விட்ட நாட்டுல வருத்தம் தெரிவிச்சிருக்காங்கம்மா. இயந்திரக் கோளாறு, வழி தவறிடுச்சாம்” என்று ஜபருல்லாவின் தாயாரிடம் சொன்னார்.

ஜபருல்லா குறுக்கிட்டார். “ஒண்ணு கோளாறாகலாம் சார். பின்னால வந்ததும் கோளாறாகி அதே வாசலுக்கா வரும்?”

“நீங்க அரசு ஊழியர். பார்த்துப் பேசுங்க.”

“மிசின் தப்புப் பண்ணல சார். வெளிச்சத்தப் பிடிச்ச கை யாருதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

அதிகாரி டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

நாங்கள் டெல்லிக்குப் போனோம். ஒவ்வோர் அலுவலகத்திலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். ஒருவர் இதமாகவே சொன்னார்: “நட்பு நாடு. கிளறாதீங்க.” இதற்குள் ஜபருல்லா ஒரு பத்திரிகையிடம் பேசியது ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்துவிட்டது. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று மறுத்தால் போதும், வேலை நிலைக்கும் என்றார்கள். அவர் மறுக்கவில்லை. வேலையை உதறிவிட்டு வந்து, தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினார்.

“கவர்மெண்டு வேலைய யாராச்சும் விடுவாகளா?” என்று கேட்ட ஊர்தான் இன்று பிளக்ஸ் கட்டியிருக்கிறது. அவர் பெயரையும் தம்பி செத்த தேசத்தையும் முடிச்சுப்போட்டு, டீக்கடையில் தாழ்ந்த குரலில் சந்தேகம் பேசியவர்களும் மாலையோடு வந்திருந்தார்கள்.

ஆயுதக் கண்காட்சிச் செய்தி ஏதாவது டிவியில் வந்தால் அவர் எழுந்துபோய் அணைத்துவிடுவார். “விக்கிறப்ப குறி தப்பாதுங்கிறாக. கொன்னப்புறம் குறி தப்பிருச்சுங்கிறாக. நானும் அதச் செஞ்சவன்தான் மாப்ள. அதுனாலதான் எனக்குப் பொறுக்கல.”

அவர் கேட்ட கேள்விக்கு இந்த நிமிடம்வரை எந்த அலுவலகமும் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர் போய்விட்டார் என்று அவர்கள் நிம்மதியடையலாம். அப்படி அடைந்தால், அது அற்ப நிம்மதி.

வீட்டை விட்டு ஜனாஸா புறப்படும்போது அவர் தாயார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. என்னைப் பார்த்து, “எம்புள்ள பொய்க்குத் தலையாட்டாமப் போறான் வக்கீலு” என்றார்.

மேற்கு மலையில் மேகம் கட்டியிருந்தது. கபருக்குள் இறக்கிவிட்டு ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். ஈரமண் விரலில் ஒட்டிக்கொண்டது.

அமைதியாக உறங்குங்கள், ஜபருல்லா. உங்கள் கோபத்தை மட்டும் கூடவே கொண்டுபோய்விடாதீர்கள். அது இங்கே எங்களுக்கு வேண்டும்.