இராயப்பர் நாற்காலியில் நைனா

பெரிய வியாழனுக்கு முந்தின மூன்று நாட்கள் நைனாவின் வலது கால் என் பொறுப்பு. அன்று மாலை கோயிலில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், ஃபாதர் பன்னிரண்டு ஆண்களின் பாதம் கழுவுவார். கடலுக்குப் போகிறவர் என்பதால் என் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, ஆண்டுதோறும் சீடர்களில் மீனவரான இராயப்பரின் நாற்காலி. கழுவப்போகும் காலை வீட்டிலேயே கழுவி அனுப்புவதுதான் எங்கள் பட்டினப்பாக்கத்துப் பக்தி. ஊரே பார்க்கும் கால் அல்லவா!

எனக்குப் பத்து வயது. கையில் தேங்காய் நார், சீயக்காய், சொரசொரப்பான கல். உப்பும் மணலும் வெயிலும் அந்தப் பாதத்தில் எழுதியதையெல்லாம் அழித்தேன். வெடிப்பு போயிற்று, செதில் போயிற்று. குதிகாலில் ஒரே ஒரு கறுப்பு மட்டும் போகவில்லை.

“கப்பல் தாரு ஒட்டிக்கினு கீது” என்று அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். அசையவில்லை.

“வுடுமே, நோவவே இல்ல” என்றார் நைனா. நோகவில்லை என்றால் எங்கள் வீட்டில் அதற்குமேல் விசாரணை கிடையாது.

ஆராதனையில் வெள்ளை வேட்டியும் நிமிர்ந்த முதுகுமாக உட்கார்ந்திருந்தார். ஃபாதர் நீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். முன் பெஞ்சு அக்கா திரும்பி, “இன்னாடி, உங்க நைனா கால்ல அயுக்கு அப்பிடியே கீது?” என்றாள்.

என் மூன்று நாள் உழைப்பு! கோயில் என்பதே மறந்துபோய்க் கத்தினேன்.

“அது அயுக்கு இல்ல! போன வருசம் நான் தேய்க்கும்போது கடுகாட்டம் இருந்துச்சு, இப்ப புளியங்கொட்டை சைசு. ஓரம் கோணல்மாணலா கீது. ஒரு பக்கம் பிரவுனு, ஒரு பக்கம் கறுப்பு!”

சிரிப்பு பரவியது. அம்மா தொடையில் கிள்ளினாள். பக்கத்தில் இருந்த அத்தை, நைனாவின் அக்கா, அரசு ஆஸ்பத்திரியில் தோல் வார்டு நர்ஸ், அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னொரு தபா சொல்லு” என்றாள். சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் வாசல் படியில் தன் தம்பியை உட்காரவைத்து, அந்தக் குதிகாலைத் தன் பட்டுப் புடவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“நோவலக்கா.”

“நோவலன்னுதான்டா பயமா கீது. வளர்ற மச்சம் சொல்லிக்கினா வரும்? சனிக்கெழமை என்னோட வர்ற.”

“ஈஸ்டருக்கு மீனு...”

“மீனு கடல்லதான் கீது, எங்கியும் போவாது. வா.”

துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். தோலில் வரும் புற்று; இன்னும் ஆழத்துக்கு இறங்கவில்லை. குதிகாலில் ஒரு வட்டத்தை வெட்டியெடுத்து, தொடைத் தோலால் மூடினார்கள். அந்த மழைக்காலம் முடிந்ததும் நைனா மறுபடி படகைத் தள்ளினார். சற்றே நொண்டியபடி. ஆனால் தள்ளினார்!

அடுத்த பெரிய வியாழனன்றும் அதே நாற்காலி. மூன்று நாள் தேய்த்தது நான்தான், தழும்புக்கு மட்டும் வெறும் விரலால். ஃபாதர் பாதத்தைத் தூக்கியபோது கறுப்பே இல்லை. முன் பெஞ்சு அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். கோயிலில் என்னைவிட உயரமாக யாருமே உட்கார்ந்திருக்கவில்லை.

அத்தை என் தலைமேல் கை வைத்தாள். பாட்டு முடிந்தது, எல்லோரும் முழந்தாளிட்டார்கள். அந்தக் கையை அவள் எடுக்கவேயில்லை.

கால் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது, அதற்குத்தான் இந்தப் பாராட்டு என்று அன்று நினைத்துக்கொண்டேன்.