கரண்ட் இல்லாத புதன்கிழமையில் குமாரபாளையம்

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை குமாரபாளையம் போய்வந்தேன். காவிரியின் இந்தக் கரையில் இருக்கும் விசைத்தறி ஊர். கோயிலுக்குப் போகிறவர்கள் பாலம் தாண்டி அந்தக் கரையில் இருக்கும் பவானிக்குப் போய்விடுவார்கள். இங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நூல் வாங்கவோ லுங்கி வாங்கவோ வந்தவர்கள். நான் இறங்கியது பெண் பார்க்க. மல்லசமுத்திரத்தில் விவசாயம் பார்க்கும் என் சித்தி மகன் பிரபுவுக்குப் பெண். சித்தி குடும்பம் மதியத்துக்கு மேல் காரில் வருவதாக ஏற்பாடு. ஊர் சுற்றாமல் எனக்கு உடம்பு நிற்காது என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், அதனால் நான் மட்டும் காலையிலேயே சேலத்திலிருந்து கிளம்பிவிட்டேன்.

இந்தச் சம்பந்தத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பெண் நந்தினி, வீட்டுக்கு ஒரே பிள்ளை. பன்னிரண்டு தறி ஓடும் பட்டறையை நாலு வருடமாக அவள்தான் நடத்துகிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் நடத்துவேன், அதற்குச் சரி என்றால் மட்டும் வாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பிரபு போனிலேயே சரி என்றான். இரண்டு ஊருக்கும் நடுவில் சங்ககிரியில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. சித்தியும் சரி என்றார். ஆனால் சித்தி ஒரு விஷயத்துக்கு இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சேலம் புதிய பஸ் நிலையத்தில் கோவை பஸ்ஸில் ஏறாதீர்கள். பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். பவானி வழியாக ஈரோடு போகும் பஸ்தான் ஊருக்குள் போகும். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஒன்றரை மணி நேரம், ஐம்பது ரூபாய் எடுத்துவைத்துக்கொண்டால் போதும். சங்ககிரியில் மலைக்கோட்டையும், அதன் அடியில் வரிசையாக நிற்கும் லாரிகளும் வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்காதீர்கள், நான் தூங்கிவிட்டேன். கண்டக்டர்தான் எழுப்பினார்.

இறங்கியதும் காதில் விழுவது தறிச் சத்தம். முதலில் எங்கேயோ மழை பெய்வதாக நினைத்தேன். ஆட்டோ பிடித்துத் தெருவுக்குள் போகப் போக அது நெஞ்சுக்கூட்டில் தட்ட ஆரம்பித்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க்கா, ஒறம்பரை ஊட்டுக்கா, நூல் யாவாரமா?" ஒறம்பரை என்றால் இந்தப் பக்கத்தில் உறவுக்காரர்கள்.

"பொண்ணு பார்க்க வந்திருக்கோங்க!"

"அப்பச் சரியான நாள்லதான் வந்திருக்கீங்க. ஒம்போது மணிக்குக் கரண்டை நிறுத்திருவானுங்க. அப்புறம் பாருங்க, ஊரே பேசும்."

பிறகுதான் விஷயம் புரிந்தது. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். மற்ற ஊரில் அன்றைக்குப் புலம்புவார்கள். இங்கே பெண் பார்ப்பது, பாகப்பிரிவினை பேசுவது, வீட்டுச் சண்டையை ஊர்ப் பெரியவர்களை வைத்துத் தீர்ப்பது எல்லாவற்றையும் அந்த நாளில் வைத்துக்கொள்கிறார்கள். காது கொடுத்துப் பேசவேண்டிய காரியம் எதுவும் மற்ற நாளில் நடக்காது. வார விடுமுறை இல்லையா என்று கேட்டேன். நம் பட்டறைக்கு லீவு விட்டாலும் பக்கத்துப் பட்டறை ஓடுமே என்றார் ஆட்டோக்காரர். எண்பது ரூபாய் வாங்கினார். பேசியதற்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு முன்னால் ஓடும் தறியைப் பார்த்துவிடுங்கள் என்று நந்தினியே போனில் சொல்லியிருந்தாள். பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. உள்ளே காலை வைத்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அறுந்த பாவு நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து வாயை அசைத்தாள். ஒன்றும் புரியவில்லை. அடுத்து, நாலு தறி தள்ளி நின்ற அம்மாளைப் பார்த்து அதேபோல் வாயை அசைத்தாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"காப்பி குடிக்கறீங்களான்னு கேட்டேனுங்க்கா. நீங்க தலையைத் தலையை ஆட்டுனீங்க, வேணுமா வேண்டாமான்னு எனக்குப் புரியலை. அதைத்தான் அவங்ககிட்டச் சொன்னேன்."

"சத்தமே வரலையே, அவங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"உள்ள யாரு சத்தம் போட்டுப் பேசறாங்க? தொண்டை என்னத்துக்காகும்? ஒதட்டைப் பாத்தாப் போதுமுங்க."

சரி என்று கேட்டுக்கொண்டு காப்பியைக் குடித்தேன். அந்த உதட்டுப் பேச்சு எதற்கு ஆகும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒன்பது அடித்துச் சில நிமிடத்தில் கரண்ட் போனது. தெருவில் ஒவ்வொரு பட்டறையாக நின்றது. அப்புறம் காக்கா கத்துவது கேட்டது, யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. ஆட்டோக்காரர் சொன்னது பொய்யில்லை. வாசலுக்கு வாசல் பேச்சு கிளம்பிவிட்டது.

மூன்று மணி வரை ஊரைச் சுற்றினேன். நீங்கள் போனால் மெயின் ரோட்டிலிருந்து தொடங்காதீர்கள், ஆற்றிலிருந்து மேலே நடந்து வாருங்கள். ஊரின் வரலாறு அந்த வரிசையில்தான் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்ததால் காவிரி கரை தொட்டு ஓடியது. நூலை அலசவும் சாயம் போடவும் தண்ணீர் வேண்டும். அதனால் நெசவு ஆற்றங்கரையில் வந்து உட்கார்ந்தது. எதிர்க்கரையில் ஜமக்காளம், இந்தக் கரையில் வேட்டி, துண்டு, லுங்கி. ஆகவே முதலில் சாயப்பட்டறைகள். அதற்கு மேலே பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங் ஆலைகள், புளித்த மாவு வாசனை தெரு முனையிலேயே பிடிக்கும். அதற்கும் மேலே தறிகள். மெயின் ரோட்டில் நூல் கடைகளும் லாரி ஆபீஸ்களும். மேட்டூரில் அணை கட்டி மின்சாரம் வந்த பிறகு கைத்தறி ஒவ்வொன்றாக விசைத்தறி ஆனது, பிழைக்க வந்தவர்களால் ஊர் மேட்டுப்பக்கம் பெருத்தது. ஆறு ஊரை வளர்த்தது. ஊர் பதிலுக்கு ஆற்றில் சாயத்தை விட்டது. பழைய பாலத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருவர், அன்றைக்கு என்ன நிறத்துக்கு ஆர்டரோ அந்த நிறத்தில் தண்ணீர் போகும் என்று சொன்னார். இப்போது கட்டுப்பாடு அதிகம், பல பட்டறைகள் மூடிக் கிடக்கின்றன. தாழ்ந்த தெருக்களில் சுவர்களின் மேல் வெள்ளம் நின்ற கோடு இன்னும் தெரிகிறது. தண்ணீர் ஏறினால் சாமானைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், வடிந்ததும் திரும்பி வந்து தறியைத் துடைக்கிறார்கள். எனக்கு இந்த ஊர்க்காரர்களைப் பிடித்துப்போனது.

பாலத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு நூறு ரூபாய். மீன் குழம்பு நன்றாக இருந்தது, ரசம் வேண்டாம்.

மூன்றேகாலுக்குச் சித்தி, சித்தப்பா, பிரபு மூவரும் வந்து இறங்கினார்கள். மல்லசமுத்திரத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் சித்தி முகத்தில் ஏதோ வெளிநாடு போய் வந்த களைப்பு. ஹாலில் பாய் விரித்திருந்தார்கள். தரையின் நடுவே ஒரு சதுரம் மட்டும் வேறு நிறச் சிமெண்டில் இருந்தது. குழித்தறி இருந்த இடமாம். விசைத்தறி வாங்கிய அன்றே நந்தினியின் தாத்தா மூடிவிட்டார். எனக்கு அதில் துளி வருத்தமும் வரவில்லை. நாளெல்லாம் குழிக்குள் காலை விட்டு மிதித்தவரே மூடியிருக்கிறார், எனக்கென்ன? சித்தி சரியாக அந்தச் சதுரத்தின் மேல் உட்கார்ந்தார்.

"வாங்க, வாங்க! நல்லா உக்காருங்க! வெயில்ல வந்திருக்கீங்க!"

நந்தினியின் அப்பா வரவேற்ற சத்தத்தில் சித்தப்பா பாயை விட்டே எழுந்துவிட்டார். மனிதருக்குக் கோபமில்லை. பட்டறைக்குள் உதடு போதும், வீட்டில் வாழ்நாள் முழுக்கச் சுவர் தாண்டி வரும் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் மனைவியும் அப்படித்தான். "காப்பியா டீயாங்க?" என்பதையே சண்டைக்கு இழுப்பது மாதிரிக் கேட்டார். சித்தி என் பக்கம் சாய்ந்து, "அல்லாருக்கும் காது மந்தமாட்ட இருக்குது கண்ணு," என்றார். நான் மறுப்பதற்குள் கேசரியும் பஜ்ஜியும் வந்துவிட்டன.

யாரும் கை வைக்கவில்லை. சம்மதம் ஆனால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். தட்டு அப்படியே இருந்தால் பேச்சு முடியவில்லை என்று பொருள். நந்தினி வந்து வணங்கிவிட்டு, ஹாலின் அந்தக் கோடியில் அம்மா அப்பாவோடு போய் உட்கார்ந்தாள். நடுவில் இருபது அடி இருக்கும். அப்போதுதான் சித்தி பிரபுவின் பக்கம் திரும்பி, சத்தமே வெளியே வராமல், வாயை அசைத்துக் காற்றுக் குரலில் சொன்னார். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"தறிக்குப் போறேன்னா இப்பத் தலையை ஆட்டி வெய்யி சாமி. தாலி கட்டுன பொறகு நம்ம ஊட்டுலதான இருக்கோணும். அப்பப் பாத்துக்கலாம்."

பிரபுவும் அதே மாதிரிதான் பதில் சொன்னான்.

"ஏமாத்திக் கூட்டிட்டு வர மாட்டேம்மா. அவளுக்குச் சொன்னது சொன்னதுதான். உனக்குப் புடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிரலாம்."

தலை நிமிர்ந்து பார்த்தேன். எதிரே மூன்று பேரும் உறைந்து போயிருந்தார்கள். அம்மாவின் கையில் டம்ளர் பாதியில் நின்றது. அப்பா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் குடித்த காப்பி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நந்தினி எழுந்து வந்து சித்தியின் முன்னால் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் மெதுவாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

"அத்தை, நீங்க சொன்னது எங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்க. நாங்க ஒதட்டைப் பாத்தே பேசறவங்க."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்தினார். இனிப் பொத்தி என்ன ஆகப்போகிறது!

"தறி வேண்டாம்னு நேரா சொல்லுங்க, எனக்கு வருத்தமில்லைங்க, நீங்க வேற பக்கம் பாத்துக்கலாம். சரின்னு சொல்லிப்போட்டு அப்புறம் பாத்துக்கலாம்னா எப்படிங்க? உங்க பேச்சுக்கு நான் உள்ள எந்திரிச்சுப் போயிருக்கோணும்." பிரபுவை ஒருமுறை பார்த்தாள். "இவரு சொன்னதும் தெரிஞ்சுது. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

சித்தி முந்தானையை வாயிலிருந்து எடுக்காமல் பஜ்ஜித் தட்டையே பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் தப்பு என்று ஒப்புக்கொண்டதே இல்லை. இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்வாரா? பஜ்ஜி ஆறியது. சித்தப்பா மழையைப் பற்றி ஏதோ ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். இந்தச் சம்பந்தம் இதோடு போச்சு என்றுதான் நினைத்தேன், பிரபுவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மின்விசிறி சுற்றியது. பக்கத்துப் பட்டறை தொடங்கியது, அடுத்து எதிர்ப் பட்டறை. நந்தினி எழுந்து, "தறியைப் போட்டுட்டு வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹால் சுவர் அதிர ஆரம்பித்தது. சித்தியும் எழுந்தார். நேராகக் காருக்குப் போகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். அவர் பட்டறைப் பக்கம் திரும்பினார்.

வாசற்படியில் நின்றார். உள்ளே பன்னிரண்டு தறியும் ஓடுகின்றன. நந்தினி கடைசித் தறிக்குப் பக்கத்தில் நின்று இவரைப் பார்த்தாள். எனக்குச் சித்தியின் முதுகுதான் தெரிந்தது. கொண்டையும் தோளும் லேசாக அசைந்தன. ஏதோ சொல்கிறார், பழக்கமில்லாததால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்கிறார். நீளமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நந்தினி முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையை ஆட்டினாள். ஒரே ஒரு முறை. இந்தத் தடவை வேணுமா வேண்டாமா என்கிற குழப்பமே இல்லை.

சித்தி திரும்பி ஹாலுக்கு வந்து, அந்தச் சதுரத்திலேயே உட்கார்ந்து, ஆறிப்போன பஜ்ஜியை எடுத்துக் கடித்தார்.

"சூடா ரெண்டு போடுங்க சம்பந்தி!" என்று கத்தினார். அந்த இரைச்சலில் கத்தத்தான் வேண்டியிருந்தது.

திரும்பும்போது நானும் அவர்கள் காரில் சங்ககிரி வரை வந்தேன். என்ன சொன்னீர்கள் சித்தி என்று கேட்டுப் பார்த்தேன்.

"கேக்க வேண்டியவளுக்குக் கேட்டுப்போச்சு. உனக்கெதுக்கு?"

கல்யாணம் தையில். வீடு சங்ககிரியில் பார்த்தாயிற்று. நீங்கள் குமாரபாளையம் போவதாக இருந்தால் ஆவணியிலிருந்து கார்த்திகைக்குள் போங்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கும். மேட்டூரில் உபரி நீர் திறந்திருக்கும் செய்தி வந்தால் தள்ளிப்போடுங்கள். லுங்கி வாங்குவதென்றால் மெயின் ரோட்டை விட உள்தெருவில் விலை குறைவு. தங்கும் இடம் பவானியில்தான் பார்க்க வேண்டும். ஊரின் பேச்சைக் கேட்க வேண்டுமா, மாதாந்திர மின்தடை என்றைக்கென்று விசாரித்துக்கொண்டு அன்றைக்கே போங்கள், ஆனால் யாரைப் பற்றியும் முணுமுணுக்காதீர்கள். யாரிடமாவது சொல்லவேண்டியது ஒன்று ரொம்ப நாளாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறதா, அவரையும் கூட்டிக்கொண்டு மற்ற நாளில் போங்கள். தறி ஓடும்போது எதிரே நிறுத்திச் சொல்லிவிடுங்கள்.