ஞாயிற்றுக்கிழமை ஊதிய சங்கு

போன மாதம் ஒரு மத்தியானம் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த போன் திடீரென்று அலறியது. உங்கள் வீட்டிலும் அலறியிருக்கும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முதல் வரியைக் கூட்டி முடிப்பதற்குள் மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளம், புயல்னா சர்க்கார்ல இருந்து இப்படிச் சொல்லுவாங்களாம்மா. இது சும்மா சோதனை. ஒண்ணும் பண்ண வேண்டாம்னு போட்டிருக்குது."

"ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்றதுக்கா இந்தக் கத்துக் கத்துது?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடுகு கருகிய வாசத்தில் நின்று கீழே பார்த்தால், என் கால் தானாகப் போய்ச் செருப்பை மாட்டியிருக்கிறது. எழுபது தாண்டிய கால். சத்தம் கேட்டால் கிளம்ப வேண்டும் என்று இன்னும் நினைக்கிறது.

அந்தக் காலைப் பழக்கியது ஒரு சங்கு. அப்போது மங்கலத்துக்குப் பக்கம் நொய்யல் ஓரமாக லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆற்றுக்கு அந்தக் கரையில் பனியன் கம்பெனி. நடுவில் தரைப்பாலம். தைத்து வரும் பனியனில் தொங்கும் பிசிறு நூலை வெட்டுவது என் வேலை. நான் வெட்டிய பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். கம்பெனிக் கூரைமேல் இருந்த சங்கு காலை எட்டுக்கு ஊதும். ஊதிப் பத்து நிமிசத்தில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். கப்பலுக்கு அனுப்பும் அவசரம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் ஊதும். நாங்கள் ஓடுவோம்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊரை எச்சரிக்க ஒரு சங்கு வேண்டும் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்களாம். தனியாக எதற்கு, கம்பெனிச் சங்கே இருக்கிறதே, அதையே ஊதச் சொல்லலாம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு தமுக்குக்காரனைக்கூட லைன் வீட்டுப் பக்கம் அனுப்பவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லேசான தூறல்தான். மேற்கே மலையில் கொட்டியது எங்களுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் உறவில் ஒரு விசேசத்துக்காகக் குண்டடம் போயிருந்தார். மகளுக்கு நாலு வயது, காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. ஷிப்மென்ட் போல என்று எல்லாரும் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்தோம். அரை மணியில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. பிள்ளை எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விடக் கூடாதே என்று கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன்.

பாலத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. சேலையைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கேலி பேசிக்கொண்டு தாண்டினோம். கேட்டில் வாட்ச்மேன் எங்களைப் பார்த்து முழித்தார்.

"ஏனுங்க அம்மிணி, இன்னைக்கு ஷிப்டே இல்லீங்களே! வெள்ளத்துக்கு ஊதச் சொன்னாங்க, ஊதுனேன். நீங்க என்னங்க இந்தப் பக்கம் வர்றீங்க?"

திரும்பி ஓடினோம். பாலத்தைக் காணோம். செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அக்கரையில் எங்கள் லைன் வீட்டு ஓடுகள் மட்டும் தெரிந்தன. நான் கத்தினேன். ஆற்றின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு மாரக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோமனூரில் இருபது வருசம் தறி ஓட்டிக் காது சுத்தமாகப் போனவர். சங்கு அவருக்குக் கேட்கவில்லை. அதனால் வீட்டிலேயே இருந்தார். புழக்கடையில் தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறார்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அக்கரை மேட்டில் இருந்த பள்ளிக்கூட வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. இரண்டு கையாலும் ஒரு பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கி, இந்தக் கரைக்குக் காட்டியது. என் மகளின் பச்சைப் பாவாடை. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அதே பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தார். பெஞ்சில் அரிசி மூட்டை, பக்கத்தில் ஒரு தாள்.

"ஏம்மா, சங்கு ஊதினது கேக்கலையா உங்களுக்கு?"

"கேட்டுச்சுங்க. கேட்டதுனாலதானுங்க ஆத்தைத் தாண்டிப் போனோம்."

"விட்டு விட்டு மூணு தடவை ஊதினா வெள்ளம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கோமே!"

"எங்கீங்க ஒட்டுனீங்க?"

"ஆபீஸ் போர்டுல."

"அப்ப உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிட்டீங்களாக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தாளை எடுத்து உரக்கப் படித்தார்: எங்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே முறைப்படி எச்சரிக்கை செய்யப்பட்டது. கீழே கைநாட்டு வைத்தால் அரிசி.

வரிசையில் மாரக்கா எனக்கு முன்னால் நின்றார். அவர் முறை வந்ததும் ஒருத்தி தாளில் இருப்பதை வாயசைத்துச் சொன்னாள். மாரக்கா அதிகாரியைப் பார்த்துத் தன் இரண்டு காதையும் தொட்டுக் காட்டினார். இல்லை என்று கையை ஆட்டினார். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவர் வீடு இடிந்து, குண்டான் சட்டிகூட மிஞ்சவில்லை.

என் முறை வந்தது. பிள்ளை இடுப்பில் இருந்தாள். எல்லாரும் கட்டைவிரலை நீட்டினார்கள்; எனக்குப் பெயர் எழுதத் தெரியுமே, பேனாவை வாங்கிக் கையெழுத்தே போட்டேன். அரிசியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மாரக்கா இல்லை. எந்த பஸ் ஏறினார் என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

அந்தச் சங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கம்பெனி கைமாறிக் கைமாறிக் கடைசியில் கல்யாண மண்டபமாகிவிட்டது. லைன் வீடு இருந்த அதே பள்ளத்தில் வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு வரிசையாக ரூம் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தாள் மட்டும் ஏதோ ஒரு ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருக்கும். அத்தனை ரேகைகளுக்கு நடுவில் என் பெயர், குண்டு குண்டாக, ஒரு பிழையில்லாமல்.