பேர் சொல்லாமல் வைத்த படையல்

சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். இராஜேந்திரன் வாய் திறந்தால் பாதி புளுகு என்று பாரிசில் எங்கட ஆட்கள் கூடும் லா ஷப்பேல் முழுக்கத் தெரியும். ஒத்துக்கொள்கிறேன். பென்சன் எடுத்தவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? ஆனால் இந்தக் கதையில் நான் சேர்த்தது உப்பும் புளியும்தான். கறி நிஜம். நான் அங்கே நின்றேன். என் காதால் கேட்டேன். என் பொய்ப்பல் என்னைக் கேட்காமல் தானாக நடுங்கியது.

அங்கே ரூ காய் தெருவில் கோசலைக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. ஆறு மேசை. சமையல் அவள் கணவன் தவரத்தினம். என் கூட்டாளி; நான் தவம் என்பேன். எண்பத்தேழில், பிரிபெக்சர் என்ற அரச அலுவலக வாசலில், விசா வரிசையில்தான் அவனைச் சந்தித்தேன். பல் கிடுகிடுக்கும் குளிர். நான் ஒவ்வொரு முறையும் பிந்தித்தான் போவேன். தவம் தன் இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். யாராவது முறைத்தால், "இஞ்சை ஆள் வருது" என்பான். தமிழில்தான். அவன் சொன்ன விதத்தில் பிரெஞ்சுக்காரர்களும் விலகி நிற்பார்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் போய்விட்டான். கடைசி இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில், வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாதி பாரிசுக்குச் சோறு போட்டவன், "பசிக்குது கோசலை" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினான். அதற்குப் பிறகு கோசலையும் வயிறாரச் சாப்பிட்டதில்லை. சோற்றுக் கோப்பையில் கை வைப்பாள், அப்படியே எழும்பிவிடுவாள். சீலை அவளைச் சுற்றியிருக்கிறதா, அவள் சீலைக்குள் எங்கேயாவது இருக்கிறாளா என்று தேட வேண்டிய நிலை. அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். அவரை ஒருமுறை சாப்பிட வைக்க வேண்டும்.

கடையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. பாட்டுப் போட்டால் உரிமைப் பணம் கட்ட வேண்டும் என்பதால், மேல்மாடியில் இருக்கும் ஆரெலி ஒரு பழைய படத்தைப் பதிந்து கொடுத்தாள். பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. படம் அமெரிக்காவில் எடுத்தது. 1930களில் அங்கே வேலையெல்லாம் போய் ஊரே பட்டினி கிடந்ததே, அந்தக் காலம். சத்தம் இல்லை. நிறம் இல்லை. ஒரு செங்கல் சுவர். இடது ஓரத்தில் ஒரு கதவு. சுவரோடு சூப்புக்கு வரிசை. தொப்பியும் நைந்த கோட்டுமாகப் பதினொரு பேர்.

பதினொன்று என்று எப்படித் தெரியும்? எல்லோருக்கும் நான்தான் பேர் வைத்தேன். மூக்கர். சம்மந்தி. தவில்காரர். வாயைப் பொத்தி விடாமல் இருமுகிறவர், இருமல் மாஸ்ரர்.

"இதென்ன பிள்ளை, சாப்பாட்டுக் கடையிலை பட்டினிப் படம்? பிரிபெக்சர் வரிசை மாதிரிக் கிடக்கு," என்றேன் கோசலையிடம்.

"பாவம் அதுகள். பகிடி பண்ணாதேங்கோ அண்ணை. சாப்பிடாமல் நிக்குதுகள்."

லெ பிளாங்-மெனிலில் அவர்கள் வீட்டில் ஐயரை வைத்து முதலாம் வருட ஆட்டத்திவசம் முடிந்தது. மறுநாள் கோசலை கடையில் தனியாகப் படையல் வைத்தாள். அவன் வாழ்ந்த இடம் அந்தக் கடைதானே. மதியச் சாப்பாடு முடிந்து, இரவுக்குத் திறப்பதற்கு முன் உள்ள நேரம். வெளியே அப்போதே மங்கல். தலைவாழை இலை. முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. கத்தரிக்காய்ப் பொரியல். சோறு ஆவி பறந்தது.

அவனுடைய படத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

மகள் மிருணாளினி ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் கைபேசியில் இருந்த அப்பாவின் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பினாள். தவம் சுவர் நிறையச் சிரித்தான். அதன் முன் மேசை போட்டு, இலையை வைத்தோம்.

கோசலை கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் மூடினேன். அவள் அவன் பேரைச் சொல்ல மாட்டாள். முப்பது வருடக் குடும்பத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை.

"இஞ்சாருங்கோ… வாங்கோ. பசியோடை நிக்காதேங்கோ. வந்து வயிறாரச் சாப்பிடுங்கோ."

கண்ணைத் திறந்தேன்.

தவத்தின் படம் இல்லை. மிருணாளினியின் கைபேசி சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. தொலைக்காட்சி தன் பழைய படத்துக்குப் போய்விட்டது.

செங்கல் சுவர். பதினொரு பேர்.

பதினொரு பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாய் திறப்பதற்குள், படைத்தவர்கள் நிற்கக் கூடாது என்று கோசலை எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்குத் திரைச்சீலையும் இழுத்தாயிற்று. மணி 4.40.

தெருவில் நின்றோம். குளிர்.

உள்ளே ஒரு நாற்காலி இழுபட்டது.

கிர்ர்ர்…

கோசலையின் முகம் மலர்ந்தது. "வந்திட்டார் அண்ணை!"

கிர்ர்ர்… இன்னொன்று.

இன்னொன்று…

அவள் முகம் வாடத் தொடங்கியது.

"ஸே ரியான், அம்மா," என்றாள் மிருணாளினி. ஒன்றுமில்லையாம். ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஐஸ்.

தோல் சப்பாத்துகள் தரையில் உரசின. கதவிடுக்கில் ஒரு வாடை. நனைந்த கம்பளி. கரிப்புகை.

பிறகு… இருமல்.

ஈரமான, நீண்ட இருமல்.

நான் ஆறு மாதமாகப் பார்த்த இருமல். முதல் தடவையாகக் கேட்டேன்.

கோசலை மூன்று தட்டுத் தட்டிக் கதவைத் திறந்தாள்.

ஒருவரும் இல்லை.

இலை வெறுமை. நக்கித் துடைத்த மாதிரி. நண்டுக் கோது கூட இல்லை. மேசைகளைச் சுற்றிப் பதினொரு நாற்காலிகள் இழுபட்டுக் கிடந்தன. குசினியில் இரவுக்கு வைத்த சோற்றுப்பானை, பருப்புச் சட்டி, எல்லாம் சுரண்டிக் கிடந்தன.

திரையில் சுவர் மட்டும்.

வரிசையைக் காணவில்லை.

அப்போது வலது ஓரத்திலிருந்து ஒருவன் வந்தான். மெதுவாக. ஆஸ்பத்திரியின் வெள்ளை அங்கி. வெறுங்கால். கையில் வெறும் கோப்பை.

தவம்.

இடதுபக்கக் கதவை நோக்கி நடந்தான். உள்ளிருந்து ஒரு கை நீண்டு கதவைச் சாத்தியது.

சாப்பாடு முடிந்துவிட்டது.

கோசலை குசினிக்கு ஓடினாள். மூடிகள் விழும் சத்தம். "ஒண்டும் இல்லை… ஐயோ, ஒண்டுமே இல்லை!"

திரையில் அவன் திரும்பினான். வந்த வழியே போகத் தொடங்கினான்.

மிருணாளினி தன் பையிலிருந்து பாதி பகெத்தை, அந்த நீட்டுப் பாண் ரொட்டியை, எடுத்துத் தாயிடம் நீட்டினாள். மத்தியானம் கடித்து வைத்த மிச்சம். கோசலை அதைத் திரைக்கு முன் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ!"

அவன் நிற்கவில்லை.

"இஞ்சாருங்கோ!"

ஓரத்துக்குப் போய்விட்டான். தோள் மறைந்தது…

"தவரத்தினம்!"

பக்கத்துக் கார் து நோர் நிலையத்தில் ரயில்கள் நின்றிருக்கும். அப்படி ஒரு சத்தம்.

அவன் நின்றான்.

திரும்பினான்.

திரை அணைந்தது.

கோசலையின் கையில் பாண் பாதிதான் இருந்தது. பிய்ந்த இடம் ஈரம்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, மீதியைச் சாப்பிட்டாள். ஒரு துணுக்கை விடாமல். ஒரு வருடத்துக்குப் பிறகு.

இதோடு நிறுத்தினால் நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள். நானும் தூங்குவேன். ஆனால் ஜனவரியில் படியில் ஆரெலியைக் கண்டேன். நாக்குச் சும்மா இருக்குமா? அந்தப் பதினொரு பேரும் யார் என்று கேட்டேன்.

"பதினொன்றா? பன்னிரண்டு, முசியே."

"எங்கட தொலைக்காட்சியில் பதினொன்றுதான்."

"இருக்காது. முழுப்படமும்தானே தந்தேன். கடைசியில் வெறுங்காலோடு ஒருவர் நிற்பாரே? வெள்ளை அங்கியோடு. இருபது வருடமாகப் பார்க்கிறேன். சூப்பு வரிசையில் நிற்கிறவர் கையில் பகெத் எப்படி வந்தது என்று எங்கள் வேலையிடத்தில் எப்போதும் பேச்சு. அமெரிக்காவில் ஏது பகெத்?"

தன் தொலைபேசியில் மூலப்படத்தைப் போட்டுக் காட்டினாள்.

மூக்கர். சம்மந்தி. இருமல் மாஸ்ரர். கடைசியில்… தவம். கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தான். தொண்ணூறு வருடமாக அங்கேதான் நிற்கிறான். பசி தீர்ந்த முகம். எனக்குக் கண் கலங்கியது.

"இந்தக் கைதான் எங்களுக்கு விளங்காதது," என்றாள் ஆரெலி, திரையைப் பெரிதாக்கி.

அவனுடைய இடது கை பின்னால் நீண்டிருந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெறும் நடைபாதை.



நான் எப்போதும் பிந்தித்தான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும்.