எண்ணெய்ச்சட்டி

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் தொழில். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய இடத்திலும் உயர்த்த மாட்டார். அதில்தான் எனக்கு எரிச்சல்.

ஓட்டல் சமையலறைகளில் பெரிய பெரிய ஃப்ரிட்ஜ்களுக்குப் பின்னால் படுத்துக் கிடந்து வேலை செய்கிறவர், பொரித்து முடித்த எண்ணெயை அங்கே வாளி வாளியாகச் சாக்கடையில் கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல் போயிருக்கிறார். ஒருநாள் இரண்டு கேன் நிறைய வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நம் டீசல் காரை இனி இதில்தான் ஓட்டப் போகிறேன் என்றார். நானும் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கார் ஓடியது. டிக்கியில் எண்ணெய்க்கென்று தனி டேங்க் வைத்தார். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து எண்ணெயை வடிகட்டி, கசடு அடியில் தங்கும்வரை கொட்டகையில் வைத்திருந்து, தெளிந்ததை மட்டும் ஊற்றுவார். வண்டியை டீசலில்தான் கிளப்ப வேண்டும். என்ஜின் சூடேறியதும் ஒரு திருகைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி டீசலுக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் குழாயிலேயே ஆறி அடைத்துக்கொள்ளும். எங்கள் தெருமுனை வந்தால் அவர் கை தானாக அந்தத் திருகுக்குப் போகும். டீசல் பேருக்குத்தான் செலவாகும் என்பதால் பெட்ரோல் பங்க் பக்கம் போவதையே மறந்துபோனார். டீசல் அளவைக் காட்டும் முள் பாதியில் சிக்கி நின்று எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதைச் சரிசெய்ய அவருக்கு அவசியம் வரவில்லை.

வண்டி போகிற வழியெல்லாம் மணக்கும். மீன் பொரித்த எண்ணெயா, உருளைக்கிழங்கு பொரித்ததா என்று எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நாய்களுக்கு அவர்மேல் தனி மரியாதை. வண்டிக்கு எண்ணெய்ச்சட்டி என்று பெயர் வைத்தது நான்தான். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. அக்கா மட்டும் முன்சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து போவாள். என் வீட்டுக்காரர் மூளை யாருக்கு வரும் என்பாள்.

பிறகு அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்து, ஊசி வழியாக மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். நான் என் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து அவளுடனேயே தங்கிவிட்டேன். மருந்து ஏறிய நாளிலிருந்து அவளுக்குச் சோற்றைக் கண்டால் ஆகாது. தலைமுடி போனதற்குக்கூட அவள் அழவில்லை. ஒருநாள் திடீரென்று, இனி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றாள். அத்தான் கெஞ்சினார், நான் திட்டினேன், டாக்டர் போனில் பேசிப் பார்த்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அத்தான் வேலைக்குப் போன பிறகு நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன்.

"மருந்தைத் தாங்கிக்கிறேன்டி," என்றாள். "அந்த வண்டி வாசனையைத்தான் தாங்க முடியல. ஏறி உட்கார்ந்தாலே குடலைப் புரட்டுது. அவர்கிட்ட சொல்லிடாதே. அது ஒண்ணுதான் அவருக்குப் பெருமை."

சொல்லாமல் இருக்க நான் என்ன அக்காவா? சாயங்காலமே கொட்டகைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் விரிப்பில் எண்ணெய் வடிந்துகொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றார். முகம் செத்துப்போனது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார், அவ்வளவுதான். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மறுநாள் கேன்களெல்லாம் கொட்டகையை விட்டுப் போயின. டேங்கைக் காலி செய்தார். சீட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்தார். வேலை முடிந்து வந்தால் குளித்து, துணி மாற்றாமல் அக்கா அறைக்குள் நுழையவே மாட்டார். அக்கா மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஏன் வண்டியில் வாசனை இல்லை என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னை மட்டும் முறைத்தாள்.

மருந்து ஏற்றுவது முடிந்து வாரங்கள் ஓடின. சோறு மட்டும் உள்ளே இறங்கவில்லை. கஞ்சி, பழச்சாறு, ரொட்டி, என்ன கொடுத்தாலும் ஒரு வாய்க்குமேல் தள்ளிவிடுவாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். கடைசியாகப் பார்க்கப் போனபோது டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே அழைத்தார்.

"கட்டி போயிடுச்சு. இனிமே மருந்து எங்க கையில இல்ல," என்றார். "சாப்பிட ஆரம்பிச்சா பிழைச்சுக்குவாங்க. இப்படியே போனா உடம்பு தாங்காது."

திரும்பி வரும்போது, கடைகண்ணி இல்லாத நெடுஞ்சாலையில், நல்ல வெயிலில், வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுபோனது. டீசல் தீர்ந்துவிட்டது. முழுக்க டீசலில் ஓடுகிற வண்டிக்கு முள் வேண்டும் என்பதே அவருக்கு நினைவில்லை. பாதியைக் காட்டிக்கொண்டிருந்த அந்த முள்ளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இறங்கி டிக்கியைத் திறந்து வெறும் கேனை எடுத்தார். பங்க் வரை நடந்துபோய் வாங்கி வருகிறேன் என்றார். போய்த் திரும்புவதற்குள் உள்ளே அக்கா வெந்துவிடுவாள். நான் டிக்கியை எட்டிப் பார்த்தேன். மூலையில், பாலிதீன் சுற்றி இறுக்கிக் கட்டி, இன்னொரு கேன் இருந்தது. தெளிந்த எண்ணெய். கொட்ட மனசு வராமல் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார்.

"இதை ஊத்துங்க அத்தான். என்ஜின் சூடாத்தானே இருக்கு?"

"வேண்டாம். அவளுக்குக் குமட்டும். வாந்தி எடுக்கக்கூட அவகிட்ட தெம்பில்ல."

முன்சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஊத்துங்க. வீட்டுக்குப் போகணும்."

அவர் டிக்கி டேங்கில் ஊற்றி, திருகை எண்ணெய்க்குத் திருப்பினார். கையால் பம்ப் அடித்து, குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினார். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வண்டி கிளம்பியது. கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டும் அந்த வாசனை உள்ளே வந்தது. நான் பின்சீட்டிலிருந்து எட்டி, பிளாஸ்டிக் பையை அக்காவின் வாய்க்கு நேரே விரித்துப் பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். என் கையைத் தள்ளிவிட்டாள்.

"உருளைக்கிழங்கா?" என்றாள்.

அத்தான் பயந்துபோய், ஆமாம் என்றார்.

"எனக்குப் பசிக்குதுங்க."

ஊர் எல்லையில், அவர் ஃப்ரிட்ஜ் பார்க்கிற ஓட்டல் வாசலிலேயே நிறுத்தினார். என்ஜினை அணைக்க முடியாது. மாற்றுவதற்கு டீசல் இல்லை, அணைத்தால் எண்ணெய் ஆறிவிடும். அதனால் நான்தான் ஓடிப்போய்ப் பொட்டலம் வாங்கி வந்தேன். வந்து பார்த்தால், ஓடுகிற வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அத்தான் வாய்விட்டு அழுதுகொண்டிருக்கிறார். என்ஜின் சத்தத்தையும் மீறி அவர் குரல் தெருவுக்கே கேட்டது. ஓட்டல்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டு, மெதுவாக மென்று விழுங்கினாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள்.