ரஞ்சிதத்திடம் கொடுத்த தாலிகள்

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் சாலையில் எந்த ஊரில் இறங்கி ரஞ்சிதத்தைப் பற்றிக் கேட்டாலும், பெண்கள் முதலில் சொல்வது அவளுடைய இடுப்புப் பையைத்தான். ஆபரேஷன் அறைக்குள் பொட்டு நகைகூட விட மாட்டார்கள் இல்லையா? தாலி, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றி ரஞ்சிதம் கையில் கொடுத்துவிட்டு, அவள் கட்டிவிடும் மஞ்சள் கயிற்றோடு உள்ளே போவார்கள். புருஷனிடம் கொடுத்தால் அடகுக்கடைக்குப் போய்விடும். மாமியாரிடம் கொடுத்தால் திரும்பி வராது. ரஞ்சிதத்திடம் கொடுத்தால் ஒரு திருகாணிகூடத் தொலையாது.

அவள் வேலை என்னவோ மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பறிப்பதுதான். ஏழெட்டு வருஷம் முன்பு தம்பி மனைவிக்குத் துணையாக விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவள், சுத்தமான கட்டிலையும் ஏ.சி. அறையையும் பார்த்து அசந்துபோனாள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையிலிருந்து காலணா வேண்டாம் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வயிற்றுவலியைப் பொறுத்தே பழகிய பெண்களிடம் வந்து சொன்னாள்: "ஏண்டி கெடந்து சாவுறீங்க? கார்டு இருக்குது, ஆஸ்பத்திரி வேன் வருது, நான் இருக்கேன்." கார்டையும் வேனையும் நம்பி ஒருத்தியும் ஏறவில்லை. அவளை நம்பித்தான் ஏறினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டு வேலைகளைப் பார்க்கும் நெடுமாறன், "நீ நம்ம ஆளுக்கா" என்பான். தீபாவளிக்கு ஒரு புடவை தருவான். அதற்கு மேல் அவள் ஒன்றும் வாங்கியதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. நாலு பேருக்கு நல்லது செய்கிறோம் என்ற பெருமை அவளுக்கு. பெருமைப்படட்டுமே, ஏழைக்கு அது ஒன்றுதானே வரியில்லாமல் கிடைக்கிறது?

இந்த வருஷம் அவளுக்கே உதிரப்போக்கு நிற்கவில்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. செஞ்சியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பையில் பெரிய கட்டி இருக்கிறது, உடம்பில் ரத்தமே இல்லை, இனியும் தள்ளிப்போடாதே என்றார். ரஞ்சிதம் பயப்படவில்லை. தன் ஆஸ்பத்திரி இருக்கும்போது என்ன பயம்? துணைக்குப் பக்கத்துத் தெரு முன்னியை அழைத்துக்கொண்டு அதே வேனில் ஏறினாள். முன்னிக்கு ஆபரேஷன் நடந்தபோது அவளுடைய கருகமணியைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தவள் ரஞ்சிதம்தான்.

வெறும் வயிற்றோடு காத்திருந்தாள். தாலியைக் கழற்றி முன்னியிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டாள். அப்போதுதான் நெடுமாறன் வந்தான். முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, காப்பீட்டுல புது ரூல் போட்டுட்டாங்க. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இனிமே இங்க கார்டு செல்லாது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மட்டும்தான். கையில பணம் கட்டுனா இப்பவே செஞ்சிடலாம்."

"எப்பத்திலேர்ந்து?"

"போன மாசம்."

"தெரிஞ்சிக்கினேதான் என்னை வேன்ல ஏத்தினியா?"

"வந்து படுத்துட்டா எப்படியாச்சும் பணம் புரட்டிடுவாங்கன்னு மேல சொன்னாங்கக்கா."

எத்தனை பெண்களைக் கொண்டுவந்து இவன் வாசலில் விட்டிருப்பாள்!

"இன்னாத்துக்குடா ரூலை மாத்தினாங்க?"

"சில ஆஸ்பத்திரிங்கள்ல கார்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமலே கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கன்னு புகார். பொம்பளைங்க நல்லதுக்குத்தான் மாத்தியிருக்காங்க."

நல்லதுக்குத்தான். சட்டம் போட்டவர்களைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. திருடன் வாரிக்கொண்டு போன பிறகு கதவைப் பூட்டினார்கள். பூட்டியபோது வெளியே நின்றவள் ரஞ்சிதம்.

சட்டென்று அவளுக்குத் தன் ஊர் ஜெயசுதாவின் நினைவு வந்தது. கர்ப்பப்பையை எடுத்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வெள்ளைப்படுகிறது என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். விட்டால் புற்றுநோய் ஆகிவிடும் என்று இந்த நெடுமாறன் சொன்னான். அதை அப்படியே போய்ச் சொல்லி அவளை அழைத்து வந்தவள் ரஞ்சிதம்.

"ஜெயசுதாவுக்குக் கட்டி இருந்துச்சா?"

நெடுமாறன் போனை எடுத்துப் பார்த்தான். அது அடிக்கவே இல்லை.

"உன்னைத்தாண்டா கேக்குறேன்."

"டாக்டருங்க சொன்னதைத்தானேக்கா நான் சொன்னேன்," என்று முனகிவிட்டு நழுவினான்.

திரும்பும் பஸ்ஸில் முன்னி சொன்னாள்: "நாளைக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போவலாம்க்கா. படுக்கை கெடைக்க லேட் ஆவும், ஆனா செய்வாங்க." ரஞ்சிதத்தின் காதில் அது ஏறவில்லை. ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஜெயசுதாவிடம் போனாள்.

ஜெயசுதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பு விட்டுப்போய்விட்டது, குனிந்து களை எடுக்க முடியவில்லை என்று அவள் வேலைக்குப் போவதை நிறுத்தி வெகுநாளாகிறது. மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

ரஞ்சிதம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள், அந்த நெடுமாறன் உருப்படுவானா என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

ஜெயசுதா அழவில்லை, திட்டவும் இல்லை.

"அவங்க யாரோ எவரோ. அவங்க மூஞ்சிகூட எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள். "தாலிய நான் உன் கையிலதானேக்கா கழட்டிக் குடுத்தேன்?"